முடிவு ஒருவருடையது, கை இன்னொருவருடையது: பிழைக்காத பச்சிளம் குழந்தைகளும் செவிலியர்களும்

1982 ஏப்ரல் 9ஆம் தேதி, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ப்ளூமிங்டன் என்ற ஊரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு, பிறவியிலேயே அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் டவுன் சிண்ட்ரோம் இருந்தது. அதோடு உணவுக்குழாய் வயிறு வரைக்கும் போய்ச் சேராமல் நடுவிலேயே முடிந்திருந்தது. வாய்வழியாக எதைக் கொடுத்தாலும் வயிற்றுக்குப் போகாது. அறுவை சிகிச்சை செய்து அதைச் சரிசெய்ய வழி இருந்தது. டவுன் சிண்ட்ரோமுக்குத்தான் சிகிச்சை கிடையாது. பிரசவம் பார்த்த மருத்துவர், அறுவை சிகிச்சை செய்யாமல் விடுவதும் ஒரு வழி என்று பெற்றோரிடம் சொன்னார். குழந்தை மருத்துவர்களின் கருத்து வேறாக இருந்தது. பெற்றோர், வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. அப்படி முடிவெடுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்று நீதிபதி சொல்லிவிட்டார். மாநில உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. வாஷிங்டனில் உள்ள உச்ச நீதிமன்றத்தை அணுக வக்கீல்கள் முயன்றுகொண்டிருந்தபோதே, ஏப்ரல் 15ஆம் தேதி குழந்தை இறந்தது. உயிரோடு இருந்தது ஆறு நாள்.

உண்மையான பெயர் வெளியே தெரியக்கூடாது என்பதற்காக அந்தக் குழந்தையை 'பேபி டோ' என்று அழைத்தார்கள். அமெரிக்க மருத்துவ அறவியல் பாடங்களில் இன்றும் அந்தப் பெயர் வருகிறது. பெற்றோரின் உரிமை, ஊனமுற்ற குழந்தையின் உரிமை, அரசின் கடமை என்று எல்லாக் கோணத்திலும் அலசிவிட்டார்கள்.

எனக்கு அந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் மனம் நீதிமன்றத்தில் நிற்பதில்லை, வார்டுக்குப் போய்விடுகிறது. குழந்தைக்குப் பால் கிடையாது, நரம்பு வழியாகத் திரவமும் கிடையாது என்ற உத்தரவை ஒருவர் எழுதுகிறார். அதை நிறைவேற்ற வேண்டியவர்கள் பச்சிளம் குழந்தைகள் வார்டின் செவிலியர்கள். பக்கத்துத் தொட்டிலில் இருக்கும் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, அழுகிற இந்தக் குழந்தையைப் பட்டினியாக விட்டுவிட்டுப் போக வேண்டும். அந்தச் செவிலியர்கள் எதிர்த்தார்கள், எங்களால் முடியாது என்றார்கள். அதன்பின் குழந்தையை அந்த வார்டிலிருந்து எடுத்து வேறொரு அறையில் வைத்தார்கள். பார்த்துக்கொள்ளத் தனியாகச் சம்பளத்துக்குச் செவிலியர்களை அமர்த்தினார்கள்.

செவிலியர்களின் அந்த நிலைக்கு அப்போது பெயர் இல்லை. இரண்டு வருடம் கழித்து வந்தது.

1984இல் ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற அமெரிக்க மெய்யியலாளர் செவிலியர் பணியின் அறச்சிக்கல்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். செவிலியர்கள் சொல்வதைக் கேட்டபோது, பாடப்புத்தகம் சொல்லும் 'எது சரி என்று தெரியாத குழப்பம்' அவர்களுடைய பிரச்சினை இல்லை என்று அவருக்குப் புரிந்தது. எது சரி என்பது அவர்களுக்குத் தெரிகிறது. ஆனால் நிறுவனத்தின் விதிகள், அதிகார அடுக்கு, ஆள் பற்றாக்குறை, பயம் என்று ஏதோ ஒன்று அதைச் செய்யவிடாமல் தடுக்கிறது. இந்த நிலைக்கு அவர் ஒரு தனிப் பெயர் கொடுத்தார்.

தமிழில் அதற்கு நிலைபெற்ற சொல் இல்லை. இந்தக் கட்டுரையில் அறத்துயரம் என்று சொல்கிறேன். மனசாட்சி உறுத்தல் என்று சொல்லலாமே என்று தோன்றும். உறுத்தல், தானாகத் தவறு செய்தவருக்கு வருவது. இங்கே செய்தது அவர் கை, ஆனால் தீர்மானித்தது அவர் இல்லை. துக்கமும் இதுவும்கூட ஒன்றில்லை. நல்லபடியாக, வலியில்லாமல், அம்மா மடியில் போன குழந்தைக்காகவும் சிஸ்டர்கள் அழுவார்கள். அந்த அழுகை துக்கம், அது அவரை உடைப்பதில்லை. வேலைப்பளுவால் வரும் சோர்வு இரண்டு நாள் லீவில் கொஞ்சமாவது குறையும். அறத்துயரம் லீவில் வீட்டுக்குக் கூடவே வரும்.

இந்தத் துயரம் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்குக் காரணம், மருத்துவம் முன்னேறியதுதான். 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு, பிரசவ நாளுக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஒரு மகன் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்கு மேல். நுரையீரல் பக்குவப்படாததால் 39 மணி நேரத்தில் இறந்தான். உலகின் மிகச் சக்திவாய்ந்த மனிதரின் குழந்தைக்கே அன்று செய்ய வழி இல்லை. இன்று மாவட்ட மருத்துவமனையிலேயே அப்படிப்பட்ட குழந்தைகள் பிழைத்து வீட்டுக்குப் போகின்றன. பச்சிளம் குழந்தைக்கு ஏற்ற வென்டிலேட்டர், மூக்கு வழியே காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப், நுரையீரலை விரிய வைக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்து என்று ஒவ்வொன்றாக வந்தன. பிழைக்கும் வயதின் கீழ்க்கோடு கர்ப்பத்தின் 28ஆம் வாரத்திலிருந்து இறங்கி, வசதி மிகுந்த நாடுகளில் 22, 23 வாரம் வரை வந்துவிட்டது. வழியே இல்லாதபோது அழுவதைத் தவிர வேறு கேள்வி எழவில்லை. வழி வந்தபின்தான் 'செய்யலாமா, எவ்வளவு செய்யலாம், எப்போது நிறுத்தலாம்' என்ற கேள்விகள் வந்தன.

மருத்துவர்கள் இதை ரொம்ப நாள் வெளியே பேசவில்லை. 1973இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேமண்ட் டஃப், ஏ. ஜி. எம். கேம்ப்பெல் என்ற இரண்டு மருத்துவர்கள் உடைத்துச் சொன்னார்கள். தங்கள் பிரிவில் நடந்த 299 மரணங்களில் 43, சிகிச்சையை நிறுத்தியதாலோ தொடங்காமல் விட்டதாலோ நேர்ந்தவை என்று எழுதினார்கள். பெரிய அதிர்ச்சி எழுந்தது. முடிவெடுத்தவர்களைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். அந்த 43 குழந்தைகளின் பக்கத்தில் கடைசிவரை நின்றிருந்தவர்கள் அந்த விவாதத்தின் நடுவில் இல்லை.

பேபி டோ இறந்தபின் அமெரிக்க அதிபர் ரீகனின் அரசு எதிர்ப்பக்கம் வேகமாகத் திரும்பியது. ஊனமுற்ற குழந்தைக்குச் சிகிச்சையோ உணவோ மறுப்பது சட்டவிரோதம் என்ற அறிவிப்பை வார்டுகளில் ஒட்டச் சொன்னது. யார் வேண்டுமானாலும் புகார் சொல்லலாம் என்று ஒரு தொலைபேசி எண்ணையும் அதில் போட்டது. அந்த விதியை நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் 1984இல், ஜேம்டன் புத்தகம் வந்த அதே வருடம், குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுக்கும் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. குழந்தை மீளாத கோமாவில் இருந்தாலோ, சிகிச்சை சாவைத் தள்ளிப்போட மட்டும் செய்தாலோ, சிகிச்சையால் பலனே இல்லாமல் அதுவே மனிதத்தன்மையற்றதாக ஆனாலோ மட்டும்தான் சிகிச்சையை விடலாம் என்றது அந்தத் திருத்தம். நல்ல நோக்கத்தோடு வந்த சட்டம் அது. ஊனம் இருக்கிறது என்ற காரணத்துக்காக ஒரு குழந்தையைச் சாகவிடக்கூடாது என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் வார்டில் அதன் நிழல் வேறு மாதிரி விழுந்தது. நிறுத்தினால் வழக்கு வருமோ என்ற பயத்தில் நிறுத்த வேண்டிய இடத்திலும் தொடர்ந்தார்கள். 1982இல் 'செய்யாதே' என்ற உத்தரவால் துடித்த அதே செவிலியர் கூட்டம், அடுத்த பல வருடங்கள் 'செய்துகொண்டே இரு' என்ற உத்தரவால் துடித்தது.

செவிலியர்கள் உயிரை நிறுத்தும் கட்சியும் இல்லை, எப்படியாவது நீட்டும் கட்சியும் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. உத்தரவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவர்கள் நிற்கும் இடம் ஒன்றுதான்.

அந்த இடத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். 23 வாரத்தில் பிறந்த குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்துக்குக் கொஞ்சம் மேலே. தோல் இன்னும் தோலாகவே ஆகவில்லை. டியூபைப் பிடித்து நிறுத்த ஒட்டிய பிளாஸ்டரை எடுத்தால் தோலும் சேர்ந்து வரும். ரத்தம் எடுக்கக் குதிகாலில் குத்த வேண்டும், ஒரு நாளில் பல தடவை. தொண்டையில் உள்ள குழாயில் சளி சேரும்போதெல்லாம் சக்ஷன் போட வேண்டும். சக்ஷன் போடும்போது குழந்தை முகம் சுளிக்கும். வாயில் குழாய் இருப்பதால் அழுகைச் சத்தம் வராது, அழும் முகம் மட்டும் தெரியும். மானிட்டரில் ஆக்சிஜன் அளவு இறங்கும், அலாரம் அடிக்கும். கையில் போட்ட ஊசி வீங்கிவிட்டால் வேறு நரம்பு தேட வேண்டும். கை, கால், தலை என்று தேடித்தேடி இடமே மிச்சமில்லாமல் போகும்.

இந்தக் குழந்தை பிழைத்து வரும் என்ற நம்பிக்கை இருந்தால், இவ்வளவும் தாங்கக்கூடிய வேலைதான். குத்தும்போது மனசு சுருங்கும், ஆனால் காரணம் கையில் இருக்கும். மூளைக்குள் பெரிய அளவில் ரத்தம் கசிந்துவிட்டது, குடலும் அழுகத் தொடங்கிவிட்டது என்று ஸ்கேனும் எக்ஸ்ரேயும் சொன்னபின் வரும் நாட்களை நினைத்துப் பாருங்கள். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. பெரிய டாக்டர் இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்கிறார். அப்பா மட்டும் வந்து பேசுகிறார், அம்மாவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளிலும் குதிகாலில் குத்துவது நிற்காது. முடிவெடுப்பவருக்கு 'இன்னும் 48 மணி நேரம்' என்பது ஒரு வாக்கியம். செவிலியருக்கு அது பன்னிரண்டு சக்ஷன், எட்டுக் குத்து, மூன்று தடவை பிளாஸ்டர் மாற்றுவது.

மருத்துவர்களுக்கு மனசாட்சி இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவர்களுக்கும் அறத்துயரம் உண்டு, ஆய்வுகளும் அதைச் சொல்கின்றன. ஆனால் வேறுபாடு உண்டு. மருத்துவர் ரவுண்ட்ஸ் வருகிறார், பார்க்கிறார், பேசுகிறார், அடுத்த குழந்தைக்குப் போகிறார். முடிவின் சுமை அவர்மேல் இருக்கிறது, அது லேசானதில்லை. முடிவெடுத்தவர் 'இந்தக் காரணத்துக்காகச் செய்தேன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். செவிலியருக்கு அந்தக் காரணம் சில நேரம் கேஸ் ஷீட்டில் ஒரு வரியாக மட்டும் வந்து சேர்கிறது.

அப்புறம், கேள்விகள் வந்து சேரும் இடமும் செவிலியர்தான். டாக்டரிடம் கேட்கக் குடும்பம் தயங்கும். சிஸ்டரிடம் கேட்டுவிடும். 'சிஸ்டர், பாப்பா எப்படி இருக்கு? கண்ணு தொறந்துச்சா?' என்று தையல் வலியோடு நடந்து வரும் அம்மா கேட்பார். நிலைமையைச் சொல்லும் அதிகாரம் சிஸ்டருக்கு இல்லை. 'டாக்டர் வந்து சொல்வாங்கம்மா' என்று சொல்ல வேண்டும். உண்மை தெரிந்து, அதை மறைத்து, அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது சின்ன விஷயம் இல்லை. ஊசி போடும் வேலையைவிட இதுதான் கடினம் என்று நினைக்கிறேன்.

வலியைப் பற்றிய வரலாறு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1980கள் வரை பல நாடுகளில் பச்சிளம் குழந்தைகளுக்குப் போதுமான வலிநிவாரணி இல்லாமலே அறுவை சிகிச்சை செய்தார்கள். நரம்புகள் பக்குவப்படாததால் அவ்வளவாக வலிக்காது, மயக்க மருந்துதான் ஆபத்து என்பது அன்றைய எண்ணம். இந்தியாவில் பிறந்த மருத்துவர் கே. ஜே. எஸ். ஆனந்த், சக ஆய்வாளர்களோடு 1987இல் வெளியிட்ட கட்டுரைகள் அந்த எண்ணத்தை உடைத்தன. குறைமாதக் குழந்தைக்கும் வலி உண்டு, அதைக் குறைத்தால் அறுவைக்குப் பிந்தைய நிலையும் மேம்படுகிறது என்று அவர் காட்டினார். அதற்கு முந்தைய பத்திருபது வருடங்களை நினைத்துப் பாருங்கள். அறிவியல் 'வலிக்காது' என்று சொன்னது. தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அந்த முகத்தைப் பார்த்தவருக்கு வலிப்பது தெரியாமலா இருந்திருக்கும்? பக்கத்தில் நிற்பவரின் அறிவை 'உணர்ச்சி' என்று ஒதுக்கும் பழக்கத்துக்குக் குழந்தைகள் விலை கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு குழந்தையின் கதை முடிந்ததும் துயரமும் முடிந்துவிடுமா? விர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் எப்ஸ்டீன், ஆன் ஹாம்ரிக் என்ற இரண்டு செவிலிய ஆய்வாளர்கள் 2009இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். உப்புத் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெள்ளைப் படலம் தங்குவதை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். அடுத்த முறை தண்ணீர் புதிது, படலம் பழையது. ஒவ்வொரு சம்பவமும் ஓர் எச்சத்தை விட்டுப் போகிறது, அடுத்த சம்பவத்தின் துயரம் அந்த எச்சத்தின்மேல் ஏறி உட்காருகிறது என்றார்கள். அதனால் பதினைந்து வருட அனுபவம் உள்ள சிஸ்டர், சின்னதாகத் தோன்றும் ஒரு விஷயத்துக்கு வெடித்து அழுதால், அது அன்றைய விஷயத்துக்கான அழுகையாக மட்டும் இருக்காது. அனுபவம் கூடக்கூடப் பழகிவிடும் என்று நாம் நினைப்பது தவறு. சிலருக்குக் கூடக்கூடத் தாங்கும் சக்தி குறைகிறது. சிலர் வார்டு மாற்றல் கேட்கிறார்கள், சிலர் வேலையையே விடுகிறார்கள். வேறு சிலர் இருந்துகொண்டே தள்ளிப்போகிறார்கள். டியூட்டி குறையில்லாமல் நடக்கும், குழந்தையிடம் பேசுவது மட்டும் நின்றுவிடும். மூன்றாவது வகைதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. ராஜினாமாக் கடிதம் இல்லாததால் அது யார் கணக்கிலும் வராது.

இவ்வளவு சொன்னபின் ஒரு எதிர்க்கேள்வியையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். செவிலியருக்கு எது சரி என்று தெரிகிறது என்றார் ஜேம்டன். உண்மையிலேயே தெரிகிறதா?

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சரோஜ் சைகல் என்ற மருத்துவர், ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்து பிழைத்த குழந்தைகளைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்தார். அவர்கள் பதின்வயதை அடைந்தபோது அவர்களிடமே கேட்டார். பெற்றோர்களிடமும், பச்சிளம் குழந்தைப் பிரிவு மருத்துவர்கள், செவிலியர்களிடமும் கேட்டார். பலவிதமான உடல்நிலைகளைச் சொல்லி, இப்படி வாழ்வது எவ்வளவு மதிப்புள்ளதாக இருக்கும் என்ற கேள்வி. 1999இல் முடிவுகள் வந்தன. கடுமையான ஊனத்தோடு வாழும் வாழ்க்கையை, அந்தப் பிள்ளைகளும் பெற்றோரும் மதித்ததைவிட மருத்துவர்களும் செவிலியர்களும் குறைவாக மதித்திருந்தார்கள்.

காரணம் புரியாதது இல்லை. வார்டில் இருப்பவர் ஒரு குழந்தையின் மிக மோசமான நூறு நாட்களைப் பார்க்கிறார். அதே குழந்தை ஐந்து வயதில் கண்ணாடி போட்டுக்கொண்டு, கொஞ்சம் கால் தாங்கி நடந்து, பள்ளிக்கூடம் போவதை அவர் பார்ப்பதில்லை. பிழைக்காதவர்கள் அவர் கண்முன் பிழைக்காமல் போகிறார்கள், பிழைத்தவர்கள் டிஸ்சார்ஜ் ஆகிக் கண்ணைவிட்டு மறைகிறார்கள். அதனால் அவர் மனதில் எழுதும் கணக்கு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

ஆக, அறத்துயரம் இருக்கிறது என்பதாலேயே எதிரே உள்ள முடிவு தவறு என்று ஆகிவிடாது. 23 வாரத்துக்கும் 24 வாரத்துக்கும் நடுவே இருப்பவை இரண்டுங்கெட்டான் நாட்கள். யாருக்கும் உறுதியாகத் தெரியாது. 2016இல் கொனி உல்ரிச், கிறிஸ்டின் கிரேடி உள்ளிட்ட ஆய்வாளர்கள், அறத்துயரம் என்ற சொல்லையே விரிக்க வேண்டும், எது சரி என்ற நிச்சயம் இல்லாமல் தவிப்பதையும் அதில் சேர்க்க வேண்டும் என்று வாதிட்டார்கள். எனக்கு அது சரியாகப் படுகிறது. 'நான் செய்வது தவறு' என்ற வேதனையைவிட, 'நான் செய்வது சரியா தவறா என்றே தெரியவில்லை, ஆனால் வலிப்பது இந்தக் குழந்தைக்கு' என்ற வேதனை வார்டில் அதிகம். அறத்துயரத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் சாட்சியமாக எடுத்துக்கொண்டால் போதும். சாட்சி சொல்வதெல்லாம் முடிவாகாது. ஆனால் சாட்சியைக் கேட்காமல் தீர்ப்பு எழுத முடியாது.

இனி நம் பக்கம். மேற்கத்திய ஆய்வுகளில் பெரும்பாலும் 'அளவுக்கு மீறிய சிகிச்சை' பற்றிய துயரம்தான் வருகிறது. இங்கே நிலைமை வேறு.

பச்சிளம் குழந்தை மரணத்தைக் குறைப்பதில் இந்தியா நிறைய தூரம் வந்திருக்கிறது. 2003இல் மேற்கு வங்கத்தின் புருலியாவில் மாவட்ட அளவிலான சிறப்புப் பச்சிளம் குழந்தைப் பிரிவு தொடங்கியது. அந்த மாதிரி நாடெங்கும் பரவியது. இன்று அந்தப் பிரிவின் சுருக்கப் பெயரான எஸ்.என்.சி.யூ. என்ற சொல் கிராமத்துத் தாய்மார்களுக்கும் தெரியும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் முதல் 28 நாளுக்குள் இறப்பவை நாட்டளவில் 24.9, தமிழ்நாட்டில் 12.7. இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பில் பெரும்பங்கு செவிலியர்களுடையது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஆனால் பிரிட்டனில் தீவிர சிகிச்சையில் இருக்கும் பச்சிளம் குழந்தை ஒன்றுக்கு ஒரு செவிலியர் என்பது தர அளவுகோல். நம் ஊரில் கூட்டம் மிகும் நாட்களில் குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் ஒரே வார்மரில் இரண்டு குழந்தைகள் படுத்திருப்பதைப் பார்க்கலாம். நைட் டியூட்டியில் ஒரு சிஸ்டர் கையில் பல குழந்தைகள். ஒரு குழந்தைக்கு மூச்சு நின்று, கையால் மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டிருக்கும்போது இன்னொரு மூலையில் அலாரம் அடிக்கிறது. இங்கே துயரம் தத்துவக் கேள்வியாக வருவதில்லை, 'எந்தப் பக்கம் ஓடுவது' என்று வருகிறது. சாகப்போகிற குழந்தையின் பக்கத்தில் பத்து நிமிடம் நின்று அதன் கையைப் பிடித்துக்கொள்ள ஆசைப்பட்டாலும், பிழைக்கக்கூடிய இன்னொரு குழந்தை அவரைக் கூப்பிட்டுவிடும். யாரும் தனியாகப் போகக்கூடாது என்று படித்தவர், குழந்தை தனியாகப் போவதைப் பார்க்கிறார்.

அடுத்தது பணம். 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தால் அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற பச்சிளம் குழந்தைக்குச் சிகிச்சை இலவசம். தனியார் மருத்துவமனையில் வென்டிலேட்டரோடு ஒவ்வொரு நாளும் கட்டணம் ஏறும். நகையை வைத்து, நிலத்தை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு கட்டத்தில் அப்பா கையெழுத்துப் போட்டுக் குழந்தையைக் கொண்டுபோய்விடுவார். மருத்துவ ஆலோசனையை மீறி அழைத்துச் செல்கிறேன் என்று ஷீட்டில் எழுதி வாங்குவார்கள். பெண் குழந்தை என்றால் அந்தக் கையெழுத்து சீக்கிரம் விழும் வீடுகளும் உண்டு. பிழைத்திருக்கக்கூடிய குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுப்பதும் சிஸ்டர்தான். ப்ளூமிங்டன் செவிலியர்களின் வேதனைக்கு நம் ஊரில் மிக நெருக்கமானது இதுதான்.

இதே கையெழுத்துக்கு இன்னொரு மறைவான பயன்பாடும் இருக்கிறது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்ற நிலையில், வென்டிலேட்டரை முறைப்படி நிறுத்த மருத்துவமனைகள் அஞ்சுகின்றன. சட்டப் பாதை இல்லை என்று சொல்ல முடியாது. 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்ணியமாகச் சாகும் உரிமையை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு மருத்துவக் குழுக்களின் ஒப்புதல் என்று வைத்தது. ஆனால் அந்தத் தீர்ப்பின் மையத்தில் இருப்பவர், ஒரு காலத்தில் பேசத் தெரிந்த, தன் விருப்பத்தை எழுதி வைக்கக்கூடிய பெரியவர். பிறந்து மூன்று நாள் ஆன குழந்தைக்கு எழுதி வைக்க என்ன இருக்கிறது? இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2017இல் வாழ்வின் இறுதிக்கட்டப் பராமரிப்பு பற்றி ஓர் ஒருமித்த அறிக்கை வெளியிட்டது. வழிகாட்டல் அங்கே இருக்கிறது. வார்டில் பயம் இருக்கிறது. அதனால் 'வீட்டுக்குக் கொண்டுபோங்க' என்பதே வழியாகிவிடுகிறது. அப்படிப் போகும் குழந்தைக்கு வலி குறைக்க மருந்து இல்லை. அம்மா மடியில் வைத்துக் குழாயை மெதுவாக எடுத்து, கூடவே இருக்க ஆள் இல்லை. ஆட்டோவிலோ பஸ்ஸிலோ, வழியில் எங்கோ அது நடக்கிறது. வாசல்வரை வந்து வழியனுப்பிய சிஸ்டருக்கு அது தெரியும்.

இதை எதிர்த்துப் பேசலாமே என்றால், பேசுவதற்கும் தரை வேண்டும். தமிழ்நாட்டில் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்ட அரசுச் செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்த்து, 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் பணி நிரந்தரம் கேட்டுப் போராடினார்கள். சம்பளத்துக்கும் அறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வேலை நிரந்தரம் இல்லாத ஒருவர், ரவுண்ட்ஸில் பத்துப் பேர் நடுவே, 'சார், இந்தக் குழந்தைக்கு இதைத் தொடரணுமா?' என்று கேட்பது எவ்வளவு கடினம் என்று யோசித்தால் சம்பந்தம் புரியும்.

தீர்வு என்று வரும்போது நிர்வாகங்கள் முதலில் கையில் எடுப்பது யோகா, தியானம், மன உறுதிப் பயிற்சி. அவை கெட்டவை இல்லை. ஆனால் செருப்பில் முள் இருக்கும்போது காலுக்குப் பயிற்சி கொடுப்பது போல அது. பிரச்சினை செவிலியரின் மனசுக்குள் இருப்பதாக அது எடுத்துக்கொள்கிறது. அவர் மனசு சரியாகத்தான் வேலை செய்கிறது. வேதனைப்படுவதே அதற்கு அடையாளம்.

பலன் தருபவை வேறு. செவிலிய ஆய்வாளர் அனிதா கேட்லினும் மருத்துவர் பிரையன் கார்ட்டரும் 2002இல் இறக்கும் பச்சிளம் குழந்தைகளின் பராமரிப்புக்கு ஒரு நெறிமுறை வகுத்தார்கள். அதன் சாரம் எளிது. குணமாக்கும் சிகிச்சை முடியும் இடத்தில் பராமரிப்பு முடிவதில்லை, வேறு வேலை தொடங்குகிறது. வலி மருந்து, வெளிச்சம் குறைந்த தனி இடம், தேவையில்லாத குத்துகளை நிறுத்துவது, பெற்றோர் தூக்கி வைத்திருக்க நேரம். இவற்றைச் செய்ய முடிந்த வார்டில், அதே மரணம் செவிலியருக்கு வேறு மாதிரி நினைவாகத் தங்குகிறது. 'காப்பாற்ற முடியவில்லை' என்பதோடு 'நல்லபடியாக அனுப்பினோம்' என்பதும் சேர்கிறது. நம் ஊரில் இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு திரைச்சீலை, ஒரு நாற்காலி, மார்ஃபின் கையிருப்பு, அம்மாவை உள்ளே விடும் மனசு. பல வார்டுகளில் இன்னும் தடையாக இருப்பது கடைசியாகச் சொன்னதுதான்.

முடிவைப் பற்றிய பேச்சில் செவிலியருக்கும் ஒரு நாற்காலி வேண்டும். தீர்மானம் அவர் கையில் வர வேண்டும் என்று சொல்லவில்லை. பெரிய டாக்டர் பேசி முடித்தபின் 'சிஸ்டர், நீங்க என்ன சொல்றீங்க' என்று கேட்டால் யாரும் மாற்றிச் சொல்லப் போவதில்லை. முதலில் கேட்க வேண்டும். இரவு முழுக்கக் குழந்தை எப்படி இருந்தது, அம்மா என்ன கேட்டார், எதைத் தாங்கிக்கொள்கிறது, எதைத் தாங்கவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். சில நேரம் அந்தப் பேச்சின் முடிவில் செவிலியரின் எண்ணமும் மாறும். தொடர்வதற்கு என்ன காரணம் என்பது வாய்விட்டு விளக்கப்படும்போது, அதே சக்ஷனை வேறு மனதோடு போட முடியும். பிழைத்துப் போன குழந்தைகள் மறுபரிசோதனைக்கு வரும் நாளில் வார்டு சிஸ்டர்களை ஒரு பத்து நிமிடம் அங்கே அனுப்புவதும் நல்லது. சைகல் காட்டிய அந்தச் சாய்ந்த கணக்கு கொஞ்சம் நேராகும்.

இன்னொரு வழியும் பேசப்படுகிறது. கேட்லினும் வேறு சிலரும் 2008இல் இதை எழுப்பினார்கள்: குழந்தைக்குத் துன்பம் மட்டுமே தரும் உத்தரவை, மனசாட்சியின் பேரில் செவிலியர் மறுக்கலாமா? 'இந்தக் குழந்தையை எனக்குப் போடாதீர்கள்' என்று சொல்லும் உரிமை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தாங்க முடியாத இடத்தில் ஒருவரைக் கட்டாயப்படுத்தி நிறுத்துவது கொடுமை. ஆனால் மறுத்தவர் நகர்ந்ததும் உத்தரவு நகர்வதில்லை. ஷிஃப்ட் மாறும் ஹேண்டோவரில் அந்தப் பெட் இன்னொரு சிஸ்டருக்குப் போகும். பெரும்பாலும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவருக்கு, மறுத்துப் பேசத் தெரியாதவருக்குப் போகும்.

ப்ளூமிங்டனிலும் அதுதான் நடந்தது. வார்டு செவிலியர்கள் முடியாது என்றார்கள், குழந்தையை அவர்கள் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றினார்கள். பால் கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த வேலை, சம்பளத்துக்கு வந்த வேறு செவிலியர்கள் கைக்குப் போனது. ஏப்ரல் 15 வரை, ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட், அவர்கள்தான் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டார்கள்.